மாதுளைத் தோலும் அத்தையின் முன்பல்லும்

செப்டம்பர் 2, திங்கள்

இன்றிலிருந்து இந்த நோட்டில் நடந்தது நடந்தபடியேதான் இருக்கும். எனக்குச் சாதகமில்லாததையும் எழுதுவேன். கூட்டிக் குறைத்துச் சொல்வதற்குக் கதைப்புத்தகங்கள் இருக்கின்றன. நான் செய்யப்போவது ஆராய்ச்சி.

மாதக் கடைசியில் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. போன வருடம் அட்டையில் மழைநீர்த் தொட்டி செய்து ஆறுதல் பரிசு வாங்கினேன். (ஆறுதல் சொல்லும் அளவுக்கு என்ன நடந்துவிட்டது என்று இன்னமும் புரியவில்லை.) என் பெஞ்சுக்காரி வருடா வருடம் எரிமலைதான் செய்வாள். சோடா உப்பும் வினிகரும் பொங்கி வழிந்தால் போதும், கூட்டம் முழுக்க அவள் மேஜையில். அவள் பெயரே எரிமலை ஆகிவிட்டது.

இந்த வருடம் என்னிடம் அதைவிடப் பெரிய விஷயம் இருக்கிறது. நூலகத்துப் புத்தகத்தில் படித்தேன்: மாதுளம்பழத்தில் நாம் தூக்கி எறிகிற தோலில்தான் துவர்ப்புச் சத்து அதிகம். வாயில் இருக்கும் கிருமிகள் பலவற்றை அது வளரவிடாதாம். படித்ததை அப்படியே நம்புவதா? பார்த்துவிடுவோம்.

மாலையில் ஜூஸ் கடைக்குப் போய்த் தோல் கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பழம் வேணாம், தோல் மட்டும் போதுமா? எவ்வளவு வேணும், ஒரு லாரி அனுப்பட்டுமா?"

"ஒரு பை போதும்ண்ணே."

சாப்பிடும்போது எல்லோரிடமும் அறிவித்தேன். அடுத்த புதன்கிழமை காலை மூன்று பேரும் எனக்கு வாயைத் திறந்து காட்ட வேண்டும். பஞ்சால் தொட்டு எடுப்பேன். தோல் தண்ணீரில் கொப்பளித்த பிறகு இன்னொரு தடவை எடுப்பேன். யார் வாயில் எவ்வளவு கிருமி என்று தட்டில் பெயர் ஒட்டிக் கண்காட்சியில் வைப்பேன்.

"பேர் போட்டா?" என்றார் அப்பா. பள்ளி வேன் ஓட்டுகிறவர், சட்டென்று பிரேக் போட்ட மாதிரி சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"பேர் போட்டுத்தான்ப்பா. ஆராய்ச்சின்னா ஒளிவுமறைவு கூடாது."

"நான் மருந்துக்கடை கல்லாவுல உக்காந்து நாள் முழுக்க மவுத்வாஷுக்கு பில் போடுறேன். நீ தோலை வேகவச்சு என் பொழப்புல மண்ணைப் போடு" என்றாள் அம்மா.

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

செப்டம்பர் 3, செவ்வாய்

தோலை இரும்புச் சட்டியில் கொதிக்கவைத்தேன். தண்ணீர் தார் மாதிரி கறுத்துவிட்டது. துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மை ஆகிவிடுமாம். இதை அதே புத்தகத்தில் இரண்டு பக்கம் தள்ளிப் போட்டிருக்கிறார்கள்! அப்பா எட்டிப் பார்த்து, "பத்திரமா வை. உன் ப்ராக்ரஸ் கார்டுல இதைத் தொட்டே கையெழுத்துப் போடுறேன்" என்றார்.

செப்டம்பர் 4, புதன்

எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிக்கவைத்து, வடிகட்டி, ஆறவைத்தேன். தேன் நிறம். ஒரு வாய் கொப்பளித்துப் பார்த்தேன். கன்னம் இரண்டும் உள்ளே ஒட்டிக்கொண்டன. நாக்குக்கு யாரோ கம்பளி போர்த்திவிட்ட மாதிரி. நல்ல அறிகுறி.

செப்டம்பர் 7, சனி

அத்தையைப் பற்றி எழுத வேண்டும். அப்பாவின் அக்கா. எங்கள் வீட்டு முன்னறை அவளுடையது. ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். எங்கள் தெருவுக்குப் பின்னால்தான் தண்டவாளம் என்பதால் எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அத்தைக்கு இரண்டு குரல். வீட்டுக்குள், "ஏய் வாண்டு, என் சீப்பை எங்கடி ஒளிச்சே?" ஜன்னல் வழியே, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு." இரண்டும் ஒரே தொண்டை என்று சொன்னால் என் வகுப்பில் யாரும் நம்புவதில்லை.

கொஞ்ச நாளாக அத்தை சிரிக்கும்போது கையை வாய்க்குக் கொண்டுபோகிறாள். அவள் சிரித்தால் பக்கத்து வீட்டில் என்ன ஜோக் என்று கேட்பார்கள், அப்படிச் சிரிக்கிறவள். ஜன்னலில் வரும் குரலிலும் ஒரு வித்தியாசம். "சற்று நேரத்தில்" என்று சொல்லும்போது குக்கர் கிளம்பப்போகிற மாதிரி மெல்லிய விசில்.

இன்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். இனிமேல் ஒவ்வொரு ரயிலுக்கும் ஆள் உட்கார்ந்து பேசப்போவதில்லையாம். இருக்கிற அறிவிப்பாளர்களில் ஒருவர் குரலை மட்டும் பதிவு செய்து வைத்துக்கொண்டு அதையே போடுவார்களாம். 27ஆம் தேதி குரல் தேர்வு. தேர்வாகிறவருக்கு ஒலிப்பதிவுப் பிரிவு. மற்றவர்களுக்குப் பார்சல் ஆபீஸ்.

"உன் குரல் இருக்கும்போது வேற யாருதைக்கா எடுக்கப்போறாங்க?" என்றார் அப்பா.

"பார்சல்ல மூட்டைக்குச் சீட்டு ஒட்டுறதும் வேலைதானடா தம்பி" என்றாள் அத்தை. அப்போதும் கை வாயில்தான் இருந்தது.

செப்டம்பர் 11, புதன்

அப்பாவை எழுப்ப அம்மா தினமும் தொண்டை கிழியக் கத்த வேண்டும். இன்று அவர் எனக்கு முன்னால் எழுந்து முகம் பளபளக்க உட்கார்ந்திருந்தார். அம்மாவும் அப்படியே. ஆராய்ச்சிக்கு வீட்டில் இவ்வளவு மரியாதையா என்று பூரித்துப்போனேன்.

அறிவியல் டீச்சர் கொடுத்த வட்டத் தட்டுகளில் கடற்பாசிக் கூழ் உறைந்திருக்கும். கிருமிகளுக்கு அதுதான் சாப்பாடு, அதுதான் படுக்கை. ஒவ்வொரு வாயிலும் பஞ்சால் தொட்டு, தட்டில் தடவி, மூடி, டேப் ஒட்டினேன். பிறகு தோல் தண்ணீர். அப்பா ஒரு கண்ணை மூடிக்கொண்டு கொப்பளித்தார். "அடியே, இது துவர்க்குதா, கடிக்குதா?"

அத்தை கடைசியில் வந்தாள். "சீக்கிரம் எடு டாக்டரம்மா, ஷிப்டுக்கு நேரமாச்சு." பஞ்சு ஈறில் பட்டதும் தோளைச் சுருக்கினாள். பஞ்சு நுனியில் இளஞ்சிவப்பு.

"என்ன அத்தை, ரத்தமா?"

"மாதுளம்பழம் சாப்பிட்டேன்டி."

எங்கள் வீட்டில் பழமே கிடையாது. தோல்தான் இருக்கிறது.

தட்டுகளை டிபன் பாக்ஸில் வைத்துப் பள்ளிக்குக் கொண்டுபோய் வெதுவெதுப்பான அலமாரியில் வைத்தாயிற்று. அந்த டிபன் பாக்ஸ் இனி சாப்பாட்டுக்கு ஆகாது என்று அம்மா தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

செப்டம்பர் 13, வெள்ளி

தோல்வி. எழுதுவேன் என்று சொன்னேன், எழுதுகிறேன்.

அப்பாவின் தட்டு, கொப்பளிப்பதற்கு முன்: அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில புள்ளிகள். பின்: அதே மாதிரி. அம்மாவுடையது அதைவிட மோசம், இரண்டு தட்டும் துடைத்துவைத்த மாதிரி சுத்தம். கிருமியே இல்லாத இடத்தில் கிருமி குறைந்ததை எப்படிக் காட்டுவது? எரிமலை எட்டிப் பார்த்துவிட்டு, "உங்க வீட்ல வாயைப் பினாயில் போட்டுக் கழுவுவீங்களாடி?" என்றாள்.

அத்தையின் தட்டில் மட்டும் பால் கொட்டிப் பரவிய மாதிரி ஒரே படலம். கொப்பளித்த பின் எடுத்ததில் பாதி குறைந்திருந்தது. "ஒரே ஒருத்தரை வச்சு முடிவு சொல்லக் கூடாது. வெறும் தண்ணில கொப்பளிச்சிருந்தாலும் குறைஞ்சிருக்கும், இல்லையா?" என்று டீச்சர் கேட்டார். வெறும் தண்ணீரையும் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். இது எனக்கே தோன்றியிருக்க வேண்டாமா!

வீட்டுக்கு வந்து விசாரணை வைத்தேன். அப்பா முதலில் கூரையைப் பார்த்தார். பிறகு ஒப்புக்கொண்டார். இரண்டு தடவை பல் தேய்த்து, உப்புத்தண்ணீரில் வேறு கொப்பளித்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தாராம்.

"நீதானே பேர் போட்டு வைப்பேன்னே? என் வேன்ல வர்ற அத்தனை பிள்ளைங்களும் கண்காட்சிக்கு வரும். டிரைவர் அங்கிள் வாய்ல இத்தனை கிருமின்னு படிச்சா எவன் ஏறுவான் என் வண்டியில?"

"நீயாம்மா?"

"கடையிலேர்ந்து மவுத்வாஷ் கொண்டாந்தேன். கொஞ்சம்தான்."

"எவ்வளவு?"

"பாட்டில் இன்னும் முழுசா காலியாகலை."

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. இது அவர்கள் தப்பு இல்லை. ஊரறியப் பெயர் ஒட்டுவேன் என்று யார் சொன்னது? நான். கிருமியைத் தேடப்போனவள் கிருமிக்கு முன்கூட்டியே தகவல் கொடுத்திருக்கிறேன். மறுபடி செய்தால் சரியாக வரும், எனக்குச் சந்தேகமே இல்லை.

இதை எழுதும்போதே ஒன்று உறைக்கிறது. பெயர் ஒட்டுவேன் என்று சொன்னபோது அத்தையும்தான் அங்கே இருந்தாள். இஸ்திரி போடாத துணியில் தெருமுனைக்குக்கூடப் போகாதவள். வீட்டிலேயே அவள்தான் ரோஷக்காரி. அவள் மட்டும் ஏன் பல் தேய்க்காமல் வந்தாள்?

செப்டம்பர் 15, ஞாயிறு

கேட்டுவிட்டேன். அம்மாவும் அப்பாவும் கடைவீதிக்குப் போயிருந்தார்கள்.

அத்தை முதலில், "போடி, வேலையைப் பாரு" என்றாள். நான் போகவில்லை. பிறகு கையை எடுத்துவிட்டு, மேல்வரிசை முன்பல்லை விரலால் தொட்டாள். பல் அசைந்தது. தொட்டால் அசைகிறது! ஈறு தடித்துச் சிவந்து பல்லைவிட்டு விலகி நிற்கிறது.

"பிரஷ் பட்டாலே ரத்தம் வருது. அதான் ரெண்டு மாசமா வெறும் தண்ணில கொப்பளிச்சு விட்டுடறேன்."

"டாக்டர்கிட்ட..."

"போனா முதல் வேலையா பிடுங்குவாங்க. முன்பல் இல்லாம நான் எப்படிடி 'சற்று நேரத்தில்'னு சொல்லுவேன்? இருபத்தேழாம் தேதி முடியட்டும்."

பிறகு குரலைத் தாழ்த்தி, ஏதோ பரிசு கொடுப்பது மாதிரி சொன்னாள். நான் காய்ச்சி வைத்த தண்ணீரைப் புதன்கிழமையிலிருந்து காலையும் மாலையும் எடுத்துக் கொப்பளிக்கிறாளாம். வாய் நாற்றம் போய்விட்டதாம். ரத்தமும் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறதாம்.

"உன் தண்ணிதான்டி எனக்கு டாக்டர். கிருமி ஒழிஞ்சா பல் தானா இறுகிடும். இன்னும் ரெண்டு பாட்டில் காய்ச்சி வை. உங்கம்மாகிட்ட மூச்சு விடாதே."

பெருமையாக இருந்தது. உண்மையைத்தான் எழுதுகிறேன், ரொம்பப் பெருமையாக இருந்தது. ஆனால் பல் தானாக இறுகும் என்று நான் எங்கே சொன்னேன்? புத்தகத்திலும் அப்படி இல்லை. கிருமி குறையும் என்பது வேறு, ஆடுகிற பல் நிற்கும் என்பது வேறு. அத்தை இரண்டையும் ஒன்றாக்கிவிட்டாள். நானும் "சரி அத்தை" என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். ஏன் தலையாட்டினேன்?

செப்டம்பர் 18, புதன்

இரண்டாவது தடவை. இப்போது பெயர் கிடையாது, எண்தான். யாரும் பல் தேய்க்கக் கூடாது. மவுத்வாஷ் பாட்டிலை என் பைக்குள் பூட்டிவைத்தேன். நேற்று வெறும் தண்ணீர், இன்று தோல் தண்ணீர், இரண்டுக்கும் முன்னும் பின்னும் எடுத்தாயிற்று. "நாறுது, கிட்ட வராதே" என்று அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் விரட்டிக்கொண்டிருந்தார்கள்.

அத்தையிடம் மட்டும் இரண்டு இடத்தில் எடுத்தேன். நாக்கில் ஒன்று. பல்குச்சி நுனியில் பஞ்சு சுற்றி, ஆடும் பல்லுக்கும் ஈறுக்கும் இடையில் ஒன்று. "அங்க எதுக்குடி?" என்றாள். "தண்ணி அங்க போகுதான்னு பாக்கணும் அத்தை."

செப்டம்பர் 20, வெள்ளி

ஜெயித்துவிட்டேன்!

வெறும் தண்ணீரில் கொஞ்சம்தான் குறைந்திருக்கிறது. தோல் தண்ணீரில் பளிச்சென்று தெரிகிறது. அப்பாவின் "பின்" தட்டில் புள்ளிகள் பாதிகூட இல்லை, அம்மாவுடையதிலும் அப்படித்தான். டீச்சர் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு என் முதுகில் ஒரு தட்டு தட்டினார். எரிமலை புள்ளிகளைத் தானே ஒரு தடவை எண்ணிப் பார்த்தாள்.

அத்தையின் நாக்குத் தட்டும் தெளிந்துவிட்டது.

ஈறுத் தட்டு அப்படியே இருக்கிறது. முன்னும் படலம், பின்னும் படலம். கொப்பளித்ததற்கு அடையாளமே இல்லை.

செப்டம்பர் 21, சனி

சொன்னேன். இரண்டு தட்டையும் மூடியோடு டீச்சரிடம் கேட்டு வாங்கி வந்து அத்தை முன்னால் வைத்தேன்.

"இது நாக்கு. இது பல்லுக்கடியில. என் தண்ணி அங்க போகவே இல்லை அத்தை. மேல சுத்தமா இருக்கு, அதான் உனக்கு நல்லா இருக்கிற மாதிரி தெரியுது. கீழ எதுவும் மாறலை. நீ டாக்டர்கிட்ட போகணும்."

"நீ கண்டுபிடிச்சதை நீயே வேண்டாங்கிறியா?"

"வேண்டாங்கலை. அதால முடியாததை முடியும்னு சொல்ல மாட்டேன்."

"இன்னும் ஆறு நாள்டி! இப்பப் போய்ப் பல்லைப் பிடுங்கிட்டு வந்து, நான் மைக் முன்னாடி காத்தை ஊதவா? பார்சல் ஆபீஸுக்கு என்னை நீயே சீட்டு ஒட்டி அனுப்பிடு."

"எனக்குப் பயமா இருக்கு அத்தை. உன் பல்லு விழுந்துட்டா என்னாலதானே..." அதற்கு மேல் அழுதுவிட்டேன். ஆராய்ச்சி செய்கிறவள் அழக் கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

அத்தை கதவைச் சாத்திக்கொண்டாள்.

செப்டம்பர் 22, ஞாயிறு

அத்தை என்னிடம் பேசவில்லை. ஜன்னல் வழியே மட்டும் பேசினாள், எல்லாப் பயணிகளிடமும். விசில் அதிகமாகியிருக்கிறது.

நான் சொன்னது சரிதான்.

செப்டம்பர் 23, திங்கள்

பள்ளியிலிருந்து வந்ததும் வாசலில் அத்தை நின்றுகொண்டிருந்தாள். "பையை வச்சிட்டு வா. அந்தத் தட்டு ரெண்டையும் எடுத்துக்க."

அம்மாவின் மருந்துக்கடைக்கு எதிரிலேயே பல் மருத்துவமனை. டாக்டர் ஒரு பெண், முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டிருந்தார். அத்தையின் வாயைப் பார்த்தார், எக்ஸ்ரே படம் எடுத்தார், பிறகு என் தட்டுகளைப் பார்த்து முகக்கவசத்துக்குள்ளேயே சிரித்தார்.

"பிடுங்கணுமா?" என்று அத்தை கேட்டாள். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. வீட்டுக் குரலும் இல்லை, ஜன்னல் குரலும் இல்லை.

"பிடுங்குறதுன்னா எனக்குச் சின்ன வேலை. நஷ்டம் உங்களுக்கு. இது ஆடுதே தவிர, இன்னும் விட்டுப்போகலை. ஈறுக்கடியில படிஞ்ச காரை கல்லு மாதிரி இறுகியிருக்கு, அதுல கிருமி குடும்பமே நடத்துது. அதைச் சுரண்டி எடுக்கணும். எந்தத் தண்ணியில கொப்பளிச்சாலும் அது போகாது. இன்னும் கொஞ்ச மாசம் விட்டிருந்தீங்கன்னா நான் வேற மாதிரி பேசியிருப்பேன்."

மரத்துப்போக ஊசி போட்டு, சுத்தம் செய்து, ஆடும் பல்லைப் பக்கத்துப் பற்களோடு சேர்த்துப் பின்பக்கம் மெல்லிய கம்பி ஒட்டினார். வெளியே தெரியவே இல்லை. மாதுளைத் தண்ணீரைப் பற்றிக் கேட்டேன். "கொப்பளிக்கட்டும், நல்லதுதான். பிரஷ்ஷுக்குப் பதிலா இல்லை, பிரஷ்ஷோட கூட. ஆனா இரும்புச் சட்டியில மட்டும் காய்ச்சாதே" என்றார். எனக்குத் தெரியும் என்று சொன்னேன்.

வெளியே வந்தால் எதிர்க்கடையிலிருந்து அம்மா இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏன் அண்ணி, நாள் முழுக்க இவங்க எழுதுற மருந்துச் சீட்டுக்குத்தான் நான் பில் போடுறேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அத்தை மரத்துப்போன உதட்டோடு ஏதோ சொன்னாள். யாருக்கும் புரியவில்லை.

செப்டம்பர் 25, புதன்

அத்தையின் நாக்கு கம்பியில் இடிக்கிறதாம். தட்டு கழுவிக்கொண்டே பயிற்சி: "சமையலறையிலிருந்து புறப்பட வேண்டிய காபி, தவிர்க்க முடியாத காரணங்களால் சற்று நேரம் தாமதமாக..." அப்பா நாற்காலியிலிருந்து, "எந்த நடைமேடைக்கா?" என்றார். "சற்று" இன்னும் முழுசாகச் சரியாகவில்லை.

செப்டம்பர் 27, வெள்ளி

குரல் தேர்வு. "எப்படி அத்தை?" என்று கேட்டேன். "பேசினேன்" என்றாள். அவ்வளவுதான்.

செப்டம்பர் 28, சனி

கண்காட்சி. என் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தேன்: குறைக்கிறது. அதற்குக் கீழே அதே அளவு எழுத்தில்: எங்கே எட்டாது. நடுவர்களில் ஒருவர் இரண்டாவது வரியைக் காட்டி, "இதை எதுக்கும்மா எழுதினே? மேல இருக்கிறது போதுமே" என்றார். போதாது சார் என்றேன். முதல் தடவை ஏன் தோற்றேன் என்பதையும் சொன்னேன், பெயர் ஒட்டப்போவதாகச் சொன்னதிலிருந்து மவுத்வாஷ் வரைக்கும். அவர் சிரித்த சிரிப்பில் எரிமலை மேஜைக் கூட்டம் இந்தப் பக்கம் திரும்பியது.

இரண்டாம் பரிசு. எரிமலைக்கு மூன்றாவது. முதல் பரிசு ஏதோ ஒரு காற்றாலைக்கு. பரவாயில்லை, காற்றாலை நன்றாகவே சுற்றியது.

அக்டோபர் 10, வியாழன்

பிரஷ் பட்டால் அத்தைக்கு இப்போது ரத்தம் வருவதில்லை. டாக்டரின் கருவியாலா, என் தண்ணீராலா? இரண்டையும் ஒன்றாகச் செய்ததால் பிரித்துச் சொல்ல முடியாது. எனவே சொல்ல மாட்டேன்.

தேர்வு முடிவு இன்னும் வரவில்லை. பார்சல் ஆபீஸ் ஜன்னல் பக்கம் காற்று நன்றாக வரும் என்று அத்தை இரண்டு தடவை சொல்லிவிட்டாள்.

அக்டோபர் 24, வியாழன்

இன்று சாப்பாட்டுக்கு நான்கு பேரும் ஒன்றாக உட்கார்ந்தோம். ஜூஸ் கடைக்காரர் கண்காட்சிக்கு வந்திருந்தாராம், இன்று என்னைக் கூப்பிட்டு இரண்டு பழம் கொடுத்தார். "எப்பப் பாத்தாலும் தோலையே தூக்கிட்டுப் போறே, ஒரு தடவை உள்ளயும் பாரு" என்றார். அத்தை எனக்கு எதிரில் உட்கார்ந்து முத்துக்களை உதிர்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது ஜன்னல் வழியே வந்தது: "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மூன்றாவது நடைமேடைக்கு வர வேண்டிய ரயில் சற்று நேரத்தில் வந்து சேரும். தாமதத்திற்கு வருந்துகிறோம்."

அப்பா கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. அம்மா ஜன்னலைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள், மறுபடி ஜன்னலைப் பார்த்தாள். நான் "சற்று" என்ற சொல்லைத்தான் கேட்டேன். விசில் இல்லை.

"என்ன எல்லாரும் வாயைப் பொளந்துக்கிட்டு? இன்னிக்குத்தான் என் பதிவைப் போட ஆரம்பிச்சிருக்காங்க" என்றாள் அத்தை, முத்துக்களை வாயில் போட்டுக்கொண்டே. "அவதான் வருந்துறா. நான் ஒண்ணும் வருந்தலை."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பக்கத்து வீட்டில் என்ன என்று கேட்டார்கள். அவள் இரண்டு கையிலும் மாதுளைச் சாறு. ஒன்றுகூட வாய்ப்பக்கம் போகவில்லை. பல்லெல்லாம் சிவப்பாக இருந்தது, இந்த முறை நிஜமாகவே பழம்தான்.

தோல்களை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். அடுத்து என்ன பார்க்கலாம் என்று ஒரு யோசனை

அம்மா விளக்கை அணைத்துவிட்டாள்.